மஞ்சள் முழங்கால்

குசினிக் கதிரையில் அபி ஏறி நின்றாள். காலை பத்து மணி இருக்கும். வெளியே டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்து மாசி மாதம். பெய்வதை மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. அடுப்பில் என் மனைவி வசந்தி வைத்துவிட்டுப் போன மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என் வாயில் நாலு குண்டூசிகள், கையில் அளவுநாடா.

"வலது கால் மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருக்கப்பா. அதை மட்டும் இளக்கி விடுங்கோ" என்றாள்.

போட்டிக் காற்சட்டை மேசையில் கிடந்தது. அவள் மெல்லிய உள்காற்சட்டையோடு நின்றாள். இடது முழங்காலைச் சுற்றி நாடாவைப் பிடித்தேன். முப்பத்தாறு சென்ரிமீற்றர். அது எனக்குப் பாடமான அளவு. பன்னிரண்டு வயதிலிருந்து அவளுடைய காற்சட்டைகள் என் கையால்தான் திருத்தப்படுகின்றன. பிறகு வலது முழங்கால். முப்பத்தெட்டரை.

நாடாவை எடுத்துவிட்டு இன்னொரு முறை பிடித்தேன். அதே முப்பத்தெட்டரை. துணிக்கு மேலாலேயே சூடு தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா அப்பா. தசை போட்டிருக்கு."

தசை தொடையில் போடும், முழங்கால் சில்லில் போடாது. இது தெரிய வைத்தியம் படிக்கத் தேவையில்லை. ஆனால் என் வாயில் குண்டூசிகள் இருந்தன. அது எனக்கு நல்ல சாட்டாகப் போயிற்று. "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் போட்டுவிட்டு, அளவைக் கடதாசியில் குறித்தேன்.

உலகப் போட்டிக்கு அப்போது மூன்று கிழமை இருந்தது.

மலை இல்லாத நாட்டில்

போன கிழமை இந்தப் பத்தியில் மகளின் முதல் பதக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒடென்சேயிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, உங்களுக்குப் பயமே இருக்கேல்லையோ?" என்று கேட்டார். இருந்தது. பதக்கத்தைப் பற்றி எழுதும்போது பயத்தை மறைத்து எழுதியது என் குற்றம். இந்தக் கிழமை அதைத்தான் எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மகள் அபிராமி, மோகல்ஸ் என்ற ஒருவகைப் பனிச்சறுக்கில் உலகச் சம்பியனாக வந்தவள். மோகல்ஸ் என்றால், நின்று பார்த்தாலே உள்ளங்கால் கூசும் ஒரு சரிவு. அது முழுக்க இடுப்பளவுப் பனித்திட்டிகள். அந்தத் திட்டிகளுக்கு நடுவால் முழங்காலை மடக்கி மடக்கி இறங்க வேண்டும். இடையில் இரண்டு இடத்தில் மேலே பாய்ந்து, தலைகீழாகச் சுற்றி, திரும்பவும் திட்டிகளுக்குள்ளேயே வந்து விழ வேண்டும். எல்லாம் முப்பது வினாடிக்குள் முடிந்துவிடும். பெற்றவர்களுக்கு முடியாது.

டென்மார்க்கில் மலையே கிடையாது. மாடியில் ஏறி நின்றால் அடுத்த ஊர் தெரியும். அப்படிப்பட்ட நாட்டில் இவளுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது? பள்ளிக்கூடத்தில் நோர்வேக்கு ஒரு கிழமை கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகப் போனவள், வரும்போது வேறு யாரோவாக வந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓகூஸுக்கு வெளியே ஒரு கழகம் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு வைத்திருந்த மேட்டுக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். அந்த மேட்டில் விழுந்தால் தோல் உரியும். கோடையில் ஏரிக்கரையில் மரத்தால் ஒரு சரிவு கட்டி, ஸ்கீயோடு தண்ணீருக்குள் பாயப் பழகினார்கள். நான் காருக்குள் இருந்து பழைய பத்திரிகை படித்துக்கொண்டிருப்பேன். தலையை நிமிர்த்தமாட்டேன்.

எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில் பெரிய கரைச்சல். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்பார்கள். பனியில் சறுக்குகிறாள் என்பேன். அது சரி, படிப்பு என்ன என்று திரும்பவும் கேட்பார்கள். பிசியோ படிக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் அவர்களுக்குச் சோறு இறங்கும்.

நடுவர்கள் பார்க்கும் இடம்

இந்த விளையாட்டில் நடுவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கீழே இருந்துகொண்டு முழங்காலைப் பார்க்கிறார்கள். இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும், சேர்ந்தே மடங்க வேண்டும், சேர்ந்தே நிமிர வேண்டும். அது தூரத்திலிருந்து தெரிவதற்காகக் காற்சட்டையின் முழங்காலில் வேறு நிறத்தில் ஒரு துண்டு வைத்துத் தைப்பார்கள்.

அபியின் பயிற்சியாளர் கிர்ஸ்டன் இதை எனக்கு முதல்முதலில் விளங்கப்படுத்தியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், பெரிய புளுகம். ஏனென்றால் நான் ஹேர்னிங்கில் வேலையுடுப்புத் தைக்கும் ஆலையில் இருப்பவன். தெருவேலைக்காரர்கள் போடும் மஞ்சள் மேலங்கி நான் தைத்ததாக இருக்கலாம். அந்த மஞ்சளில் வெட்டிக் கழித்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, கறுப்புக் காற்சட்டையில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். மூடுபனியிலும் தெரியும் நிறம் அது. பிற்காலத்தில் வெளிநாட்டு வர்ணனையாளர்கள் அவளுடைய பெயரைச் சொல்லத் தெரியாமல் 'மஞ்சள் முழங்கால்' என்றே சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த மஞ்சளை நான் கண்ணால் பார்த்ததோ குறைவு. போட்டி தொடங்குகிறது என்றால் நான் கராஜுக்குப் போய்விடுவேன். காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். வசந்தி வீட்டுக்குள் கணினியில் பார்ப்பாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், என்னைவிட நெஞ்சுரம் உள்ளவள். முடிந்ததும் வந்து கார்க் கண்ணாடியில் தட்டுவாள்.

"நிக்கிறாள்" என்பாள்.

இவ்வளவுதான் எங்களுக்கு வேண்டிய புள்ளி. எத்தனையாம் இடம் என்று பிறகுதான் கேட்பேன். ஒன்பது வருடம் இப்படிப் போயிற்று.

சுகம், சாப்பிட்டன்

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது.

எங்கள் ஆட்களுக்குத் தொலைபேசியில் கெட்ட செய்தி சொல்லத் தெரியாது. தூரத்தில் இருக்கிறவன் என்ன செய்யப் போகிறான், அவனை ஏன் வீணாக வருத்த வேண்டும் என்பது ஞாயம். நான் டென்மார்க்குக்கு வந்த இரண்டாம் வருடம் யாழ்ப்பாணத்தில் என் தகப்பன், ஐயா, செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அதற்கிடையில் நான் எடுத்த அழைப்புகளில் ஐயா ஒருமுறை கோயிலுக்குப் போயிருந்தார், ஒருமுறை குளித்துக்கொண்டிருந்தார், ஒருமுறை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். அம்மாவின் குரல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. தையல் மெசினின் ஊசி விரலுக்குள்ளால் போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "சுகம் அம்மா, சாப்பிட்டிட்டன்" என்று சொன்னவன்தான்.

அபி தவழ்ந்தது இந்தத் தொலைபேசிக்குக் கீழேதான். எங்களோடு அவள் பெரும்பாலும் டேனிஷில்தான் கதைப்பாள். கோபம், ஆசை, பசி, சண்டை எல்லாம் டேனிஷ். தமிழில் அவளுக்கு வழுக்கிக்கொண்டு வருவது நாலைந்து வசனம். சுகம். சாப்பிட்டன். ஒண்டும் இல்லை. சும்மா. அத்தனையும் நாங்கள் ஊருக்குக் கதைக்கும்போது கேட்டுப் பழகியவை.

பதினாறு வயதில் சுவீடனில் பயிற்சிக்குப் போயிருந்தாள். பின்னேரம் தொலைபேசி எடுத்து அழகான தமிழில், "சுகம் அப்பா, சாப்பிட்டன், இங்க நல்ல பனி" என்றாள். வசந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பிள்ளை தமிழ் கதைக்கிறாள் என்று. மூன்றாம் நாள் தோளெலும்பு உடைந்து, கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். எலும்பு உடைந்தது முதல் நாளே. அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. என் மகள் உண்மையை டேனிஷில் சொல்வாள், பொய்யைத் தமிழில் சொல்வாள்.

அதை ஒரு பகிடியாகப் பல இடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த மாசி மாதக் காலையில் கதிரையில் நின்று அவள் தமிழில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு காலும்

அபியும் வசந்தியும் கடைக்குப் போன நேரம் அபியின் பையை நான் திறந்து பார்க்கவில்லை. அது திறந்தே கிடந்தது. மேலே உடுப்புகளுக்குள் ஒரு முழங்கால் பட்டி செருகியிருந்தது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பியும் கீலும் வைத்த பெரிய பட்டி. சும்மா அடிபட்டவர்கள் போடுவது அல்ல. அதற்கு இடம் விடத்தான் வலது காலை இளக்கச் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு விளங்கியது இவ்வளவு. பயிற்சியில் முழங்காலுக்குள் ஏதோ அறுந்திருக்கிறது. கிர்ஸ்டனுக்குச் சின்ன அடி என்று சொல்லியிருப்பாள். டென்மார்க் அணி என்றால் அபியும் கிர்ஸ்டனும்தான், கூடவே திரிய ஒரு வைத்தியர் கிடையாது. தெரிந்தால் போட்டிக்கு விடமாட்டார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. இதைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டு வருடத்துக்குப் பிறகு. அந்தக் காலோடு குதித்தால், பிறகு அவள் எப்படி நடப்பாள் என்று எனக்குத் தெரியாது.

கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லிவிட்டால் நான் போக வேண்டாம் என்று மறிக்க வேண்டும், அல்லது தெரிந்துகொண்டே அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் திராணி இல்லை. கேட்காமல் விட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. இப்படித்தான் ஒரு தகப்பன் யோசித்தான்.

தையல் மெசினுக்கு முன்னால் இருந்தேன். வலது காலை மட்டும் இளக்கினால் கண்ணுக்குத் தெரியும். ஒரு கால் தடித்து, ஒரு கால் மெலிந்து நிற்கும். நடுவர் காண்பார், கிர்ஸ்டன் காண்பாள். ஆகவே இரண்டு காலின் உள்மடிப்பையும் பிரித்து, இரண்டையும் ஒரே அளவுக்கு இளக்கினேன். மஞ்சள் துண்டுகளையும் கழற்றி, பக்கத்துக்கு இரண்டு விரல் அகலம் கூட்டிப் புதிதாக வெட்டி வைத்தேன். வீக்கம் அதற்குள் மறைந்துவிடும்.

சொன்னால் வெட்கம், ஆனாலும் சொல்கிறேன். அது நான் தைத்ததிலேயே திறமான வேலை. எவருக்கும் ஒன்றும் தெரியாது.

வசந்தி கடையால் வந்து, ஏன் காற்சட்டையைப் பிரித்தீர்கள் என்று கேட்டாள். "சும்மா. பிள்ளைக்குத் தசை போட்டிருக்கு" என்றேன். அபி என்னைப் பார்த்தாள். நான் நூலைக் கடித்து அறுத்தேன்.

அவள் போன பிறகு அந்த மூன்று கிழமையும் ஆலையில் நான் செய்த வேலை எனக்குத் தெரியாது. ஒருநாள் இரண்டு இடது கையை ஒரே மேலங்கியில் வைத்துத் தைத்து எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு தடவை கிர்ஸ்டனின் இலக்கத்தை அழுத்தினேன். மணி அடிக்கத் தொடங்கியதும் வைத்துவிட்டேன். அவள் திரும்ப எடுத்தபோது, தவறுதலாகப் பட்டுவிட்டது என்றேன். என் டேனிஷ் இதற்கெல்லாம் போதாது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். முழங்காலுக்கும் வீக்கத்துக்கும் டேனிஷ் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அபியிடமோ ஒவ்வொரு பின்னேரமும், "சுகமோ பிள்ளை?" என்று கேட்டேன். "சுகம் அப்பா" என்றாள். சுத்தமான தமிழ்.

அன்று நான் கராஜுக்குப் போகவில்லை

போட்டி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல். கராஜ் வரைக்கும் போய், கார்க் கதவைத் திறந்தேன். ஏற மனம் வரவில்லை. அந்தக் காற்சட்டையைத் தைத்தவன் ஒளித்திருக்கக் கூடாது என்று பட்டது. திரும்பி வந்து வசந்திக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் அதிசயமாகப் பார்த்தாள்.

இறுதிச் சுற்றில் ஆறு பேர். அபி கடைசி.

அவள் மேலே வந்து நின்றாள். திரையில் அவள் விரலளவுதான். கறுப்பு, அதில் இரண்டு மஞ்சள். புறப்பட்டாள்.

என் மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. வலது பக்கத்து மஞ்சளை மட்டும் பார்த்தேன். மடங்கியது, நிமிர்ந்தது, மடங்கியது. முதல் பாய்ச்சலில் அவள் தலைகீழாகப் போனாள். வந்து விழுந்தாள். இரண்டு மஞ்சளும் ஒன்றாகவே இருந்தன. நடுவில் திட்டிகளுக்குள்ளால் இறங்கும்போது வர்ணனை செய்தவர், அந்த முழங்கால்களைப் பாருங்கள், ஒரே முழங்கால் போல இருக்கிறது என்று வியந்தார். வசந்தி என் கையைப் பிடித்தாள். அவளுக்கு அது சந்தோஷம்.

இரண்டாம் பாய்ச்சல். விழுந்தாள். அப்போது வலது மஞ்சள் வெளிப்பக்கமாக ஒருமுறை விலகிப் போயிற்று. கண் இமைக்கும் நேரம்தான். பிறகு திரும்பி வந்து இடதோடு சேர்ந்துகொண்டது. கோட்டைத் தாண்டினாள்.

"நிக்கிறாள்" என்றாள் வசந்தி, பழக்கத்தில். நின்றது இடது காலில். வலதின் நுனி மட்டும் பனியில் தொட்டுக்கொண்டிருந்தது.

முதலாம் இடம். வசந்தி சாமி அறைக்கு ஓடினாள். ஓகூஸ், ஒடென்சே, கனடா, லண்டன் என்று தொலைபேசி ஓயவில்லை. கலியாண வீட்டில் படிப்பைக் கேட்டவர்கள் எல்லாம் எடுத்தார்கள். நான் எல்லாருக்கும் நன்றி சொன்னேன். வாய்க்குள் குண்டூசிகள் இருந்த அந்த இரும்புச் சுவை வந்துகொண்டேயிருந்தது.

கடைசியாக அபி எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"வெண்டிட்டன் அப்பா. நான் சுகம். நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

சாப்பிட்டன் என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

உள்மடிப்பு

ஓகூஸில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முழங்காலுக்குள் இருக்கும் நாண் முன்பே அறுந்திருந்தது. கடைசிப் பாய்ச்சலில் மிச்சமும் சேதமாகிவிட்டது. இரண்டு தடவை வெட்டித் தைத்தார்கள். அபி அதன்பிறகு ஸ்கீ பூட்டவில்லை. பிசியோ படிப்பை முடித்து இப்போது ஓகூஸில் வேலை செய்கிறாள். மற்றவர்களின் முழங்கால்களைப் பார்க்கிறாள். படியால் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவாள். முப்பது வயது ஆகவில்லை.

என்னிடம் அவள் ஒன்றும் கேட்டதில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அறுந்ததை மறைத்துவிட்டேன் என்று அபி வசந்தியிடம் டேனிஷில் அழுதுகொண்டு சொன்னபோது, நான் பக்கத்து அறையில் நின்று கேட்டேன். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போல ஒரு முகத்தை வைத்துக்கொண்டு பிறகு வந்தேன்.

போன கார்த்திகையில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் விழாவில் அவளைக் கௌரவிப்பதாகவும், அந்தக் காற்சட்டையை மண்டபத்தில் வைக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். அபி அதை எடுத்துக்கொண்டு ஹேர்னிங்குக்கு வந்தாள். அதே குசினி. வலது காலைத் தூக்கி அந்தக் கதிரையில் வைத்துக்கொண்டு, காற்சட்டையை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அதை அவள் உட்பக்கம் புரட்டினாள். உள்மடிப்பில் பழைய தையலின் ஓட்டைகள் தெரியும். வலது காலில் விரலால் தடவிக்கொண்டு போனாள். பிறகு இடது காலில் தடவினாள். அங்கேயும் அதே ஓட்டைகள், அதே அளவு. அவளுடைய விரல் நின்றுவிட்டது.

நான் வலது கால் மட்டும்தானே கேட்டேன் என்றாள். டேனிஷில் சொன்னாள்.

சும்மா என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எத்தனை வருடமாகப் பழகிய சொல். விழுங்கினேன்.

அப்போதே உங்களுக்குத் தெரியுமா என்று அடுத்ததாகக் கேட்டாள். அதுவும் டேனிஷில்.

என் டேனிஷ் ஆலையில் பொறுக்கிய டேனிஷ். நூல், ஊசி, இடைவேளை, நல்ல வார இறுதி. அபியோடு நான் அதில் கதைப்பதே இல்லை, சிரிப்பாள். ஆனால் இதற்குத் தமிழில் ஓம் என்று சொன்னால் அதுவும் பொய் மாதிரியே கேட்கும் என்று எனக்குப் பட்டது.

"யா" என்றேன், டேனிஷில் ஓம் என்று.

அவள் கத்தவில்லை. காற்சட்டையைத் திரும்பவும் சரிப்பக்கம் புரட்டி, மஞ்சள் துண்டு இரண்டையும் நேராக்கி மடித்தாள். அன்றைக்கு அந்தக் கதிரையில் நின்ற நேரம் முழுக்க நீங்கள் கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன் என்றாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், என்னால் தானாகச் சொல்ல முடியாமல் இருந்தது, நானும் பயந்துபோய்த்தான் இருந்தேன் என்றாள்.

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. நான் அவளுக்கு முன்னால் தரையில் குந்தினேன், அளவெடுக்கும்போது குந்துவது போல. வலது முழங்காலில் கையை வைத்தேன். வடு ஒரு சாண் நீளம் இருக்கும். அன்று கேட்க வேண்டியதை அவளுடைய பாஷையிலேயே கேட்டேன், நோகிறதா என்று.

"யா" என்றாள் அபி.